எந்த வகை என்று கேளுங்கள்

(ஜெலுத்தோங் மூத்தோர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எழுதுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. இன்று பேசப்போவது அபூர்வமான ஓர் இரத்தப் புற்றுநோயைப் பற்றி. பெரியவர்களுக்கு வரும் டி-செல் லுகேமியா என்பது அதன் பெயர். ரிப்போர்ட்டில் ஏ.டி.எல். என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள்.

டி-செல் என்பது நம் வெள்ளை அணுக்களில் ஒன்று, உடம்புக்குக் காவல்காரன். எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ் அதற்குள் புகுந்து பல பத்தாண்டுகள் சும்மா கிடக்கும். தாய்ப்பால், உடலுறவு, இரத்தம் இவற்றின் வழியாகப் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. வைரஸ் உள்ள நூறு பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கே இந்தப் புற்றுநோய் வருகிறது.

1977-இல் ஜப்பானின் கியோத்தோ டாக்டர்கள் இதைத் தனி நோயாக எழுதினார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்கே கியூஷூ தீவில் பிறந்தவர்கள். கரீபியன், தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா பகுதிகளிலும் இந்த நோய் உண்டு. நம் முன்னோர் வந்த தென்னிந்தியாவிலும் சிலருக்குக் கண்டிருக்கிறார்கள்.

ஒரே பெயர்தான், ஆனால் நான்கு வகை. 1991-இல் ஜப்பானிய ஆய்வுக் குழு பிரித்தது, இன்றும் அதுவே வழக்கத்தில் இருக்கிறது.

முதல் வகைக்குத் தமிழ்ப் பெயர் வைக்க இரண்டு நாள் திண்டாடினேன். ‘புகையும் வகை’ என்று எழுதினேன். படித்த என் பாட்டி, “சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு வருமா?” என்று கேட்டார். அப்புறம்தான் நீறு பூத்த நெருப்பு நினைவுக்கு வந்தது. இந்த வகையில் லிம்போசைட் எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கும். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பூவிதழ் போல மடிந்த கருவுள்ள செல்கள் பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் தெரியும். தோலில் தடிப்பு வரலாம்.

இரண்டாவது நாட்பட்ட வகை. லிம்போசைட் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 அல்லது அதற்கு மேல் ஏறிவிடும். நெறி, கல்லீரல், மண்ணீரல் வீங்கலாம். எல்.டி.எச்., யூரியா, ஆல்புமின் ஆகிய மூன்று எண்களைப் பார்த்து, இதிலும் சாதுவானது எது, மோசமானது எது என்று பிரிக்கிறார்கள்.

மூன்றாவது நெறிக்கட்டி வகை. இரத்தம் ஏறக்குறைய சுத்தமாகத் தெரியும். கட்டியிலிருந்து துண்டு எடுத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இந்த மூன்றிலும் சேராதது நான்காவது, தீவிர வகை.

நீறு பூத்த வகைக்கும் சாதுவான நாட்பட்ட வகைக்கும் பெரும்பாலும் கீமோ போடாமல் இரத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். “மருந்தே கொடுக்காமல் அனுப்பிட்டாங்க” என்று கோபப்படாதீர்கள், அதுவும் சிகிச்சைதான். மற்றவற்றுக்கு உடனே மருந்து தொடங்க வேண்டும். அமைதியான வகை பிறகு தீவிரமாக மாறலாம் என்பதால், அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடக் கூடாது.

மாறும்போது இரத்தத்தில் கால்சியம் ஏறுவது உண்டு. தாங்க முடியாத தாகம், மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம். இனிப்பு நீர் உள்ளவர் என்றால் சீனி ஏறியிருக்கும் என்போம், எண்பது வயதென்றால் வயசாகிவிட்டது என்போம். இந்த நோய் உள்ளவரிடம் இவற்றைக் கண்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. எஸ்டேட்டில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மண்ணிலிருந்து காலில் ஏறும் ஒருவகைப் புழு பல வருடம் குடலில் தங்கியிருக்கும். இந்த வைரஸும் அதுவும் சேர்ந்தால் ஆபத்து. ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் புழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கிளினிக்குக்குப் பழைய இரத்த ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். வகையைக் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். மலாயில் கேட்க “ஜெனிஸ் யாங் மானா?” என்றால் போதும்.