ஆசிரியை விடைபெறுகிறார், அணி நிற்க வேண்டும்

(விளாங்குடியில் நடைபெற்ற பணி நிறைவுப் பாராட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்லூரியில் நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் சாஃப்ட்பால் கற்றுத் தந்த உடற்கல்வி ஆசிரியை இம்மாதம் ஓய்வு பெறுகிறார். பொன்னாடை போர்த்தினோம், நினைவுப் பரிசும் தந்தோம். அவர் உருவாக்கிய அணி அடுத்த வருடமும் மைதானத்தில் இறங்குமா? இதையும் இன்றே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் அவர்களை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்தார். 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-ல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் தங்கம். 1963 ஜூனில் அவர் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கிடைத்தது 1970-ன் வெண்கலம் மட்டுமே. ஒலிம்பிக் கால்பந்தில் 1960-க்குப் பிறகு நாம் ஆடவே இல்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செல்ல ஆள் இல்லாமல் போனதும் அவற்றில் ஒன்று என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

சாஃப்ட்பால் பிறந்த அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 38 பருவங்கள் நடத்தியவர் கரோல் ஹட்சின்ஸ் அம்மையார். அவருடைய அணி 2005-ல் தேசியப் பட்டம் வென்றது. 2022-ல் அவர் ஓய்வை அறிவித்தபோதே அடுத்த பயிற்சியாளரின் பெயரும் வந்துவிட்டது: பானி தால். அவரிடமே ஆடிய மாணவி. பிறகு பல்லாண்டுகள் அவருக்குத் துணைப் பயிற்சியாளர். அதற்கு முந்திய வருடம் அரிசோனாவில் மைக் கேண்ட்ரியா ஓய்வு பெற்றபோதும் அவருடைய மாணவி கெயிட்லின் லோவ்தான் பொறுப்பேற்றார்.

பொறுப்பு என்பது ஓர் அமானிதம். அதை வாங்கிக்கொள்ளத் தகுந்த கையைத் தயார் செய்வதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததுதான். கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தெறியும் வித்தையைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும். நம் ஆசிரியையிடம் பல வருடம் ஆடிய மூத்த மாணவிகள் இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஞாயிறுதோறும் இளையவர்களுக்குப் பயிற்சி தர முன்வந்தால், மாதந்தோறும் ஊக்கத்தொகை வழங்க அறக்கட்டளை தயாராக இருக்கிறது. காலியாகும் பணியிடத்தைத் தாமதமின்றி நிரப்பும்படி கல்லூரி நிர்வாகத்தை நேரில் சந்தித்துக் கேட்போம்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. "டீச்சர் இருக்காங்க, பார்த்துக்குவாங்க" என்ற நம்பிக்கையில்தான் பலர் பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினீர்கள். அவர் போனதும் பிள்ளைகளை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வீடுகளில் ஓடுவது எங்கள் காதுக்கும் வந்தது. அந்தக் கவலை நியாயமானதே. ஆகவே மஃரிப் பாங்குக்கு முன் பிள்ளைகள் வீடு சேர ஆட்டோ ஏற்பாட்டை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம். தாய்மார்கள் முறை வைத்து மைதானத்துக்கு வந்து உட்காருங்கள். ஓர் அணிக்கு ஒன்பது பேர் வேண்டும். நான்கு வீடுகள் பின்வாங்கினால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆட்டம் இல்லை.

2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மீண்டும் இடம்பெறுகிறது. நம் பிள்ளைகள் அதைப் பார்க்கும்போது, தாங்களும் ஆடுகிற ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு பார்க்கட்டும்.

ஆசிரியை அவர்களே, உங்களுக்கு நல்ல உடல்நலமும் நீண்ட ஆயுளும் கிடைக்க துஆச் செய்கிறோம். ஓய்வுக்குப் பின்னும் மாதம் ஒருமுறையாவது மைதானத்துக்கு வந்து போங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கே அணி இருக்கும்.

வஸ்ஸலாம்.