மேற்படிப்புக்குப் பிள்ளையை எங்கே அனுப்புவது?

(அறக்கட்டளையின் கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்வில் ஆற்றிய உரை)

 

ஆலய நிர்வாகக் குழுவில் கல்வி நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. முன்பு முதல் பட்டத்துக்கு உதவி கேட்டு வருவார்கள். இப்போது முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வெளிநாடு போக விரும்பும் பிள்ளைகளும் வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?’ என்று கேட்டால் தரவரிசைப் பட்டியலைத்தான் காட்டுகிறார்கள். அங்கே வீட்டு வாடகை என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

நான் கணித ஆசிரியராக இருந்தவன். ஆகையால் இராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1914-இல் அவர் கேம்பிரிட்ஜ் போனார். ஹார்டியைப் போன்ற வழிகாட்டி வேறெங்கும் கிடைத்திருக்க மாட்டார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். படிப்பைப் பொறுத்தவரை அதைவிட நல்ல இடம் இல்லை. வாழ்க்கையோ? உலகப் போர் மூண்டு மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு. தாமே சமைத்து, நேரந்தவறி உண்டு, குளிரில் தனித்து வாழ்ந்தார். 1917-இல் நோயில் விழுந்தார்; 1919-இல் ஊர் திரும்பி, 1920-இல் 32 வயதில் காலமானார். குளிரும் உணவும்தான் அவரைக் கொன்றன என்று மேடைகளில் சொல்வதுண்டு. கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். அப்படியே இருந்தாலும், வேளைக்குச் சோறு கிடைக்காத இடத்தில் எந்த நோயும் முற்றத்தானே செய்யும்?

இன்றைக்கு வருவோம். அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்குப் பெரும்பாலும் கல்விக்கட்டணம் இல்லை. கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை தந்து சம்பளமும் கொடுப்பார்கள். முதுகலைக்கு அப்படியன்று, பெரும்பாலும் நம் கைக்காசுதான். இந்த வேறுபாடு தெரியாமல் வீட்டை அடகு வைக்கப் புறப்பட்ட தந்தையர் உண்டு.

சம்பளம் என்றதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் கடற்கரையோரத்து அழகான ஊர். 2019-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர்கள், வாடகை கட்ட முடியவில்லை, மாதம் 1,412 டாலர் கூடுதலாக வேண்டும் என்று கேட்டு, மதிப்பெண்களைத் தர மறுத்துப் போராடினார்கள். அவர்கள் பெற்றது மாதம் சுமார் 2,400 டாலர், அதுவும் ஆண்டில் 9 மாதங்களுக்கு. 2020 பிப்ரவரியில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பிறகு பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களிலும் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்த பிறகே ஊதியம் உயர்ந்தது. படிக்கப் போன பிள்ளைகள்!

இல்லினாய் மாநிலத்து அர்பானா-சாம்பெய்ன் வேறு வகை. சிக்காகோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர், சுற்றிலும் சோளக்கொல்லை, குளிர்காலத்தில் பனி. ஆனால் இயற்பியலுக்கு இருமுறை (1956, 1972) நோபல் பரிசு பெற்ற ஒரே மனிதரான ஜான் பார்டீன் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். பொறியியலிலும் கணினித் துறையிலும் இன்றும் முன்னணி. வாடகையோ கலிபோர்னியக் கடற்கரையைவிட மிகக் குறைவு. இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்தால்? என்னைக் கேட்டால், உங்கள் ஆய்வை வழிநடத்தக்கூடியவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். வாடகை போகக் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று அடுத்துப் பாருங்கள். பட்டியல் அதற்குப் பிறகுதான். முடிக்க 5, 6 ஆண்டுகள் ஆகும். அத்தனை நாளும் அந்த ஊரில்தான் உண்டு உறங்க வேண்டும்.

பேராசிரியரைப் பற்றி அவரிடமே கேட்டுப் பயனில்லை. அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு எழுதுங்கள். இடையில் விட்டுப் போனவர் உண்டா, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுகிறார்கள், இரவில் பேருந்து எத்தனை மணி வரை ஓடும், எல்லாம் சொல்வார்கள். நம் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பெற்றோர்களே, கேட்கச் சொல்லுங்கள். மாணவர் விசாவில் போகிறவர் பாடக்காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரந்தான் வேலை செய்யலாம். உடன் செல்லும் மனைவிக்கோ கணவருக்கோ வேலை அனுமதியே இல்லை. ‘கடையில் வேலை பார்த்துச் சமாளிப்பான்’ என்ற கணக்கு அங்கே உதவாது.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அங்கே சம்பளம் தருகிறார்களே, நம் நிதி எதற்கு?’ என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. போய்ச் சேர்ந்து வேலை செய்த பிறகுதான் முதல் சம்பளம் வரும். அதற்கு முன்பே விமான டிக்கெட், விசாக் கட்டணம், வாடகை முன்பணம், குளிருடை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள், முழு உதவியோடு இடம் கிடைத்தும், இந்தத் தொகை இல்லாமல் ‘வர இயலவில்லை’ என்று எழுதிவிட இருந்தாள். நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தோம். இப்போது தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துகிறாள். இத்தகைய பிள்ளைகளுக்கென்று நிதியில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதே நான் உங்கள் முன் வைக்கும் கோரிக்கை.

மாணவர்களே, உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒப்புக்கொண்டுள்ளன. ஆகவே அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். கடிதங்களையும் வாடகை விவரத்தையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை ஆலய அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.