புத்தாண்டும் நம் வீட்டுக் குப்பையும்

தோழர்களே! 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பையோ இன்னும் கடைத்தெருவில் கிடைக்கிறது. அபராதம் கட்டும் பூக்கார அம்மாவைப் பார்க்கிறோம். பை தயாரிக்கும் முதலாளியைப் பார்த்தோமா?

அதற்காக நம் வீட்டை விட்டுவிடலாமா? எச்சில் சோற்றோடு உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் ஒரே பையில் முடிந்து போடுகிறோம். அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைத் தொழிலாளி. அவர் விரலைக் கிழிப்பது நாம் போட்ட முடிச்சு. நாமும் சங்கம் பேசுகிறவர்கள்தான்!

இந்தப் புத்தாண்டு முதல் இரண்டு கூடை வைப்போம். காய்கறித் தோலும் சோறும் ஒன்றில். காகிதமும் பிளாஸ்டிக்கும் மற்றொன்றில். கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றி, சொல்லிக் கொடுப்போம். சந்தைக்குத் துணிப்பை, ஓட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி. இதையும் பெண்கள் தலையில் கட்டிவிடாதீர்கள், ஆண் தோழர்களே!

தொழிலாளருக்குக் கையுறை கேட்டு நகராட்சிக்கு மனு தயாராக இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.