எம்.ஜே. கோபாலன்: இரண்டு ஆட்டம், ஒரு கம்பெனி வேலை

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை மாறாமல், வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பேசறேன்.

பொங்கல் முடிஞ்ச கையோட நம்ம பக்கம் ஊருக்கு ஊர் கபடி ஆரம்பிச்சிடும். விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோவில்னு எந்தப் பக்கம் போனாலும் லைட் கட்டி ராத்திரி முழுக்க ஆட்டம். இந்த நேரத்துல நேயர்கள்கிட்டயிருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்வி ஒண்ணுதான்: "பையன் நல்லா ஆடுறான். விடலாமா? ஆட்டம் சோறு போடுமா?"

இந்தக் கேள்வி புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாட்டுல ஒருத்தர் இதைச் சந்திச்சிருக்கார். அவர் பெயர் எம்.ஜே. கோபாலன். இந்தியாவுக்காக கிரிக்கெட் ஆடினவர், ஹாக்கியும் ஆடினவர். ஆனா நம்ம பிள்ளைங்கள்ல பத்துப் பேரைக் கேட்டா ஒருத்தருக்குக்கூட அவர் பெயர் தெரியறது கஷ்டம். அதனால இன்னைக்கு அவரைப் பத்திப் பேசலாம்.

ஆட்டம் கொடுத்த வேலை

கோபாலன் பிறந்தது 1909-ல், செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்துல. அவர் ஆடினது டிரிப்ளிகேன் கிரிக்கெட் கிளப்புக்கு. திருவல்லிக்கேணியிலிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போற தூரம்தான். ஆனா அந்தக் காலத்துல அந்த மைதானத்துக்குள்ள போறது அவ்வளவு சுலபம் இல்லை. அது வெள்ளைக்காரங்களோட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இடம். வருஷா வருஷம் பொங்கல் சமயத்துல அங்க ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் ஒரு மேட்ச் நடக்கும். ஊரே திரண்டு போய்ப் பார்க்கும். அதுல ஆடினாத்தான் ஒருத்தன் பெயர் வெளியே தெரியும்.

கோபாலன் வேகப்பந்து வீச்சாளர். அவரைக் கண்டெடுத்தவர் சி.பி. ஜான்ஸ்டன்ங்கிற ஆங்கிலேயர். மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவங்கள்ல முக்கியமானவர். அவர்தான் கோபாலனுக்கு பர்மா ஷெல் கம்பெனியில வேலை வாங்கிக் கொடுத்தார். மண்ணெண்ணெய், பெட்ரோல் வித்த கம்பெனி அது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. அன்னைக்கு நம்ம ஊர்ல கிரிக்கெட் ஆடினா சம்பளம் கிடையாது. ஏலம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. ஒண்ணு, நீங்க பணக்கார வீட்டுப் பிள்ளையா இருக்கணும். இல்லேன்னா ஒரு மகாராஜா உங்களை வெச்சுக்கணும். சி.கே. நாயுடு இந்தூர் ஹோல்கர் மகாராஜாவோட படையில பதவியில இருந்தார். ரெண்டும் இல்லேன்னா ஒரு கம்பெனி உங்களுக்கு வேலை கொடுத்து, "சரி, போய் ஆடிட்டு வா"ன்னு லீவும் கொடுக்கணும். கோபாலனுக்குக் கிடைச்சது இந்த மூணாவது வழி.

ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு இன்னைக்கு நாம சொல்றோமே, அதோட தாத்தா இதுதான். அந்த பர்மா ஷெல்லை 1976-ல் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. இன்னைக்கு அதுதான் பாரத் பெட்ரோலியம். இப்பவும் அவங்க விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கறாங்க, ஹாக்கி டீம் வெச்சிருக்காங்க.

முதல் பந்து

1933-34-ல் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்துச்சு. இந்திய மண்ணுல நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. அதுல ரெண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரியில, கல்கத்தா ஈடன் கார்டன்ல. கோபாலனுக்கு அங்க வாய்ப்பு கிடைச்சுது. முதல் இன்னிங்ஸ்ல அவுட் ஆகாம 11, அடுத்ததுல 7. பந்துவீச்சுல 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட். மோசம்னும் சொல்ல முடியாது, பிரமாதம்னும் சொல்ல முடியாது.

அடுத்த டெஸ்ட் எங்க தெரியுமா? சேப்பாக்கத்துல. அவரோட சொந்த மைதானம், அங்க நடந்த முதல் டெஸ்ட். அதுல கோபாலன் பெயர் இல்லை. அதுக்கப்புறம் எந்த டெஸ்ட்லயும் அவர் பெயர் வரலை. ஒரே ஒரு டெஸ்ட்டோட முடிஞ்சுது.

ஆனா அதே வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி, அதே சேப்பாக்கத்துல வேற ஒண்ணு நடந்துச்சு. ரஞ்சி டிராபி ஆரம்பமாகுது. மெட்ராஸுக்கும் மைசூருக்கும் மேட்ச். ரஞ்சி டிராபியோட முதல் பந்தைப் போட்டது நம்ம கோபாலன். மைசூர் 48-க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மைசூர் மறுபடி 59. ஒரே நாள்ல மேட்ச் முடிஞ்சு போச்சு! ஏ.ஜி. ராம் சிங் ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். இன்னைக்கு வரைக்கும் நடக்கிற அந்தப் போட்டி அன்னைக்குத் தொடங்கினதுதான்.

ஒரே வருஷத்துல ரெண்டு கப்பல்

இப்போ ஹாக்கிக்கு வருவோம். 1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் பெரிய சுற்றுப்பயணம் போச்சு. தியான் சந்த் இருந்த அணி அது. போன இடமெல்லாம் ஜெயிச்சாங்க. ஐந்நூறு கோலுக்கு மேல அடிச்சாங்க. அந்த அணியில கோபாலனும் இருந்தார்.

அடுத்த வருஷம் 1936. ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகணும். கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போகணும். ரெண்டும் ஒரே கோடையில. கோபாலனுக்கு ரெண்டு பக்கமும் வழி திறந்திருந்துச்சு. ஒண்ணைத்தான் எடுக்க முடியும். அவர் கிரிக்கெட்டை எடுத்தார்.

பிறகு என்ன ஆச்சுன்னு பாருங்க. இங்கிலாந்துல நடந்த மூணு டெஸ்ட்ல ஒண்ணுலகூட அவரை ஆட விடலை. அந்தப் பயணமே ஒரே குழப்பம். கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், 'விஸ்ஸி'ம்பாங்க. ஆட்டத்தை வெச்சு இல்லாம செல்வாக்கை வெச்சு கேப்டனானவர். அணிக்குள்ள கோஷ்டி. நல்லா ஆடிக்கிட்டிருந்த லாலா அமர்நாத்தைப் பாதியில ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்க. தொடரை இந்தியா 2-0-ன்னு தோத்துச்சு.

1936 ஆகஸ்ட் 15. பெர்லின்ல ஹாக்கி இறுதிப் போட்டி. இந்தியா ஜெர்மனியை 8-1-ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்குது. அதே ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் லண்டன் ஓவல் மைதானத்துல மூணாவது டெஸ்ட் தொடங்குது. ஆடுற பதினொரு பேர்ல கோபாலன் இல்லை.

"அடடா, தப்பான முடிவு எடுத்துட்டாரே"ன்னு நமக்குத் தோணும். எழுதறவங்க பல பேர் அப்படித்தான் எழுதறாங்க. நான் அப்படிப் பார்க்கலை. முடிவு எடுக்கிற அன்னைக்கு அவர் கையில என்ன இருந்துச்சுன்னு பார்க்கணும். இந்திய அணி அதிகாரபூர்வமா டெஸ்ட் ஆட இங்கிலாந்து போறது அது ரெண்டாவது தடவைதான். மாசக்கணக்கில ஆட்டம், மூணு டெஸ்ட். ஒரே ஒரு டெஸ்ட் ஆடி வெளியே நிக்கிற வேகப்பந்து வீச்சாளருக்குத் திரும்பி வர அதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்க கிடைக்கும்? கேப்டன் இப்படி இருப்பார், அணி இப்படி உடையும்னு கப்பல் ஏறும்போது அவருக்கு எப்படித் தெரியும்? முடிவு அவருடையது. முடிவுக்கு அப்புறம் நடந்தது மத்தவங்க கையில இருந்துச்சு. ஆட்டக்காரன் வாழ்க்கையில பாதி இப்படித்தான்.

அதே கப்பல்ல மெட்ராஸ்காரர் இன்னொருத்தரும் இருந்தார். கோட்டா ராமசாமி. புச்சி பாபு நாயுடுவோட மகன். கேம்பிரிட்ஜ்ல படிச்சவர். 1922-லயே டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினவர். நாற்பது வயசுல மான்செஸ்டர்ல தன் முதல் டெஸ்ட் ஆடி 40, 60-ன்னு அடிச்சார். அவரும் ரெண்டு ஆட்டம் ஆடினவர்தான். திறமையில யாரும் குறைச்சல் இல்லை. ஆனா ராமசாமிக்குப் பின்னாடி ஒரு பெரிய குடும்பம் இருந்துச்சு. கோபாலனுக்கு இருந்தது ஒரு கம்பெனி வேலை. வித்தியாசம் அதுதான்.

காசு வாங்கினா குற்றம்

"அப்போ நேரடியா காசு வாங்கிக்கிட்டு ஆடியிருக்கலாமே"ன்னு கேட்கலாம். அமர் சிங் அப்படிச் செஞ்சார். இங்கிலாந்துல லங்காஷயர் லீக்ல கோல்ன் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடினார். ஆனா அந்தக் காலத்துல காசு வாங்கி ஆடுறவனுக்கு மரியாதை வேற. இங்கிலாந்துல காசு வாங்காதவங்க 'ஜென்டில்மேன்', காசு வாங்கறவங்க 'பிளேயர்'. மைதானத்துக்குள்ள வர்ற வாசல்கூட பல இடத்துல தனித்தனி. இந்தப் பிரிவினையை எடுத்தது 1962-ல்தான்.

அமெரிக்காவுல இதைவிட மோசமா ஒண்ணு நடந்துச்சு. ஜிம் தார்ப்னு ஒருத்தர், பூர்வகுடி அமெரிக்கர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல பென்டத்லான், டெகத்லான் ரெண்டுலயும் தங்கம். அடுத்த வருஷமே அந்தப் பதக்கங்களைப் பிடுங்கிட்டாங்க. காரணம்? 1909, 1910-ல் சின்ன ஊர் பேஸ்பால் அணியில சொற்பக் காசுக்கு ஆடினாராம். காசு வாங்கினவன் ஒலிம்பிக்ஸ் ஆடக்கூடாதாம்.

அவர் அதோட உட்காரலை. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு வந்தார். முட்டை வடிவப் பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுறவனை மறிச்சுப் பிடிக்கிற ஆட்டம். நம்ம கபடியில பாடி வர்றவனை மடக்கிப் பிடிக்கறோம் இல்லையா, அந்த ஜாதி ஆட்டம்னு வெச்சுக்கோங்க. 1915-ல் கேன்டன் புல்டாக்ஸ் அணி அவருக்கு ஒரு ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்துச்சு. அன்னைக்கு அது பெரிய பணம். இன்னைக்கு என்.எஃப்.எல்.னு கோடி கோடியா புரள்ற லீக் 1920-ல் தொடங்கினப்போ அதோட முதல் தலைவர் அவர்தான்.

ஆனா ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பணம் நிக்கலை. குழி வெட்டற கூலி வேலை வரைக்கும் செஞ்சார். 1953-ல் வறுமையிலதான் செத்தார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது 1983-ல். அவர்தான் தனி வெற்றியாளர்னு முழுசா ஒத்துக்கிட்டது 2022-ல்.

இப்போ ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தார்ப்புக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கிடைச்சுது, ஆட்டம் நின்னதும் நின்னுடுச்சு. கோபாலனுக்கு ஆட்டத்துக்குக் காசு இல்லை, ஆனா மாசச் சம்பளம் இருந்துச்சு. தங்கப் பதக்கம் போனாலும், டெஸ்ட் இடம் போனாலும், மெட்ராஸுக்காக அவர் வருஷக்கணக்கில ஆட முடிஞ்சுது, கேப்டனா இருக்க முடிஞ்சுது. அவர் முதல்தர கிரிக்கெட்டுக்கு வந்து 25 வருஷம் ஆனதைக் கொண்டாட 1952-53-ல் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் நடுவுல கோபாலன் டிராபி ஆரம்பிச்சாங்க. இலங்கை டெஸ்ட் நாடாக ஆகறதுக்கு முன்னாடி, அங்கிருந்த பல ஆட்டக்காரங்களுக்கு வெளியூர் அனுபவம் கொடுத்த போட்டி அது. 2003 டிசம்பர்ல சென்னையில காலமானார். அப்போ உயிரோட இருந்த டெஸ்ட் வீரர்கள்ல உலகத்திலேயே மூத்தவர் அவர்தான்.

நம்ம பிள்ளைகளுக்கு

இன்னைக்கு நிலைமை மாறியிருக்கு. 2014-ல் புரோ கபடி வந்துச்சு. 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்துச்சு. 2022 ஏலத்துல பவன் செராவத்தை அவங்க 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. மண்ணுல ஆடின ஆட்டத்துக்கு இவ்வளவு பணமான்னு நம்ம ஊரே வாயைப் பிளந்துச்சு. சந்தோஷமான விஷயம்தான். ஆனா ஏலத்துல பெயர் வர்றவங்க கொஞ்சம் பேர். ஒரு முழங்கால் அடி பட்டா அடுத்த ஏலத்துல பெயர் இருக்காது.

அதனால, கேட்கிற பெற்றோர்களுக்கு நான் சொல்றது இதுதான். பையன் ஆடட்டும். பொண்ணு ஆடினாலும் தடுக்காதீங்க. ஆனா "எவ்வளவு பரிசு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "எந்த டீம்ல ஆடினா வேலை கிடைக்கும்?"னு கேளுங்க. ரயில்வே, போலீஸ், வங்கி, எண்ணெய் கம்பெனி எல்லாத்துலயும் வழி இருக்கு. தமிழ்நாடு அரசு வேலையில 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு எந்தப் போட்டியோட சான்றிதழ் செல்லும், எது செல்லாதுன்னு முன்னாடியே மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல விசாரிங்க. ராத்திரி லைட் வெளிச்சத்துல வாங்கின கோப்பைகள் பத்து இருக்கலாம். அதுல ஒண்ணுகூட விண்ணப்பத்துல எழுத முடியாததா இருக்கலாம். பத்தாவது, பன்னிரண்டாவதை விடவே விடாதீங்க. கோட்டா இருந்தாலும் கல்வித் தகுதி கேட்பாங்க.

கோபாலன் காலத்துல ஒரு ஜான்ஸ்டன் கண்ணுல பட்டாத்தான் வேலை. இன்னைக்கு அது சட்டத்துல எழுதியிருக்கு. தெரிஞ்சுக்கிட்டவனுக்குக் கிடைக்கும், தெரியாதவன் ஆடிட்டே இருப்பான். தெரியாதவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்பி வைங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.