கை செய்த கால்

(விமான் நகரில் நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் சமூகத்தை எப்படி உருவாக்குகிறார்கள் என்பது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு முப்பது வருஷங்களுக்கு மேல் சர்க்கார் கோப்புகளோடு காலம் கழித்தவனுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் இன்று சொல்லப்போகும் கலைப்படைப்பைச் சுவரில் மாட்டி ரசிக்க முடியாது. அது ரப்பரால் செய்த ஒரு பாதம். ஜெய்ப்பூர் கால் என்று அதற்குப் பெயர்.

நாம் வசிக்கும் புனேவுக்கும் செயற்கைக் காலுக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் கை, கால் இழந்த சிப்பாய்களுக்காக 1944-ல் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம் இங்கேதான் தொடங்கப்பட்டது. அந்நாட்களில் நம் நாட்டில் கிடைத்த செயற்கைக் கால்கள் பெரும்பாலும் மேல்நாட்டு மாதிரியில் அமைந்தவை. அவற்றின் மேல் ஷூ போட்டாக வேண்டும். கணுக்கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ அணிந்து நடப்பவர்களுக்கு அது போதும்.

நம் ஊரில் வாழ்க்கை அப்படியா? சாப்பிடச் சம்மணம் போட வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். காலைக்கடனுக்குக் குந்தி உட்கார வேண்டும். விவசாயி என்றால் சேற்றில் இறங்க வேண்டும். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு முறிவு நிபுணராக இருந்த டாக்டர் பி.கே. சேத்தி ஒன்றைக் கவனித்தார். செயற்கைக் கால் பெற்றுச் சென்றவர்களில் பலர் அதை வீட்டு மூலையில் வைத்துவிட்டு, மறுபடியும் ஊன்றுகோலுக்கே திரும்பியிருந்தார்கள். கால் கிடைத்தும் பந்தியில் உட்கார முடியவில்லை, கோயிலுக்குள் போக முடியவில்லை என்றால் அந்தக் காலால் என்ன பயன்?

அதே மருத்துவமனையில் ராம்சந்திர சர்மா என்று ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர்ஜி என்று அழைப்பார்கள். பள்ளிப்படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பரம்பரையான கைவினைக் கலைஞர். நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுப்பதற்காக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய சைக்கிள் டயர் பஞ்சரானபோது ஒரு கடைக்குப் போனதாகவும், அங்கே லாரி டயருக்கு ரப்பர் ஏற்றுவதைப் பார்த்ததும் 'இதிலேயே ஒரு பாதம் வார்த்தால் என்ன?' என்று தோன்றியதாகவும் சொல்வார்கள்.

டாக்டருக்கு உடற்கூறு தெரியும். மாஸ்டர்ஜிக்குப் பொருளின் குணம் தெரியும். இருவரும் சேர்ந்து 1968-ல் உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். பாதத்தின் முன்பகுதியும் குதிகாலும் பஞ்சு ரப்பர். கணுக்கால் பகுதியில் மரக்கட்டை. இவற்றின் மேல் ரப்பரைச் சுற்றி, அச்சில் வைத்து, சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் மீள்தன்மையும் பெறும் என்று நாங்கள் கல்லூரியில் படித்து மார்க் வாங்கினோம். மாஸ்டர்ஜி அதில் ஒரு பாதமே செய்துவிட்டார். உள்ளே நீளமான கட்டை எதுவும் இல்லாததால் பாதம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைந்து கொடுக்கும். குந்தலாம், சம்மணம் போடலாம், வெறுங்காலோடு நடக்கலாம். விரல்களோடு நிஜப் பாதம் போலவே இருக்கும்.

1978-ல் இந்தப் பாதத்தைப் பற்றிச் சர்வதேச ஆராய்ச்சி இதழில் வெளியான கட்டுரையில், மருத்துவர்களின் பெயர்களோடு ராம்சந்திரரின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக அச்சாகியிருந்தது. ஆனாலும் 1981-ல் மகசேசே விருது டாக்டருக்குக் கிடைத்தது. மாஸ்டர்ஜியின் பெயர் வெளியுலகில் அந்த அளவுக்குப் பரவவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நம் சுபாவத்தைப் பற்றிச் சொல்கிறேன். படித்து வருவது உசத்தி, கையால் செய்வது அடுத்தபடி என்ற எண்ணம் நம் வீடுகளில் வெகுநாளாக உண்டு. பையன் டிசைன் படிக்கப் போகிறேன் என்றால், 'இஞ்சினீயரிங் கிடைக்கவில்லையா?' என்று கேட்கிறோம். எஃப்.ஆர்.சி.எஸ். படித்த ஒருவர் நாலாம் வகுப்பு படித்தவரோடு சமமாக உட்கார்ந்து யோசித்ததால்தான் அந்தக் கால் பிறந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெண் ஒருத்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பம்பாயில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் காலைப் பொருத்திக்கொண்டு, வலியோடு பயிற்சி செய்து, 1984-ல் மறுபடியும் மேடையேறினார். அவருடைய கதை 1985-ல் 'மயூரி' என்ற தெலுங்குப் படமாக வந்தது. அவரே அதில் நடித்தார். தாளத்துக்கு ஏற்பத் தரையில் தட்ட வேண்டும், அரைமண்டியில் நிற்க வேண்டும். ஒரு காலுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இருக்க முடியுமா?

என்னைப் போன்ற சர்க்கார் ஆசாமிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1969-ல் பெரிய விபத்தில் சிக்கிக் காலை இழக்கும் நிலைக்குப் போய்த் தப்பிய ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.ஆர். மேத்தா, 1975-ல் ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதியைத் தொடங்கினார். கால், காலிப்பர், ஊன்றுகோல் என்று இதுவரை 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு அந்த அமைப்பு இலவசமாக உதவியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் இவர்களோடு சேர்ந்து குறைந்த விலையில் ஒரு செயற்கை முழங்காலும் வடிவமைத்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், நம் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டில் வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். வராதவர்களுக்குப் பதிவேடு இல்லை. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட மாமி வருவதில்லை. காது மந்தமான மாமா, 'போய் என்ன கேட்கப்போகிறேன்' என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை அழைத்து வரத் தயங்கும் பெற்றோர் உண்டு. 'அவர்களுக்கு முடியவில்லை, பாவம்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு முடியாமல் இல்லை. நாம் அமைத்த விதத்தில் அவர்களுக்கு இடமில்லை.

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். சாய்தளத்துக்குப் பொதுவான விதி, ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால், உயரம் 18 அங்குலம். சாய்தளம் 18 அடி வேண்டும். அவசரத்துக்கு நாலடிப் பலகையைச் சாய்த்து வைப்பது உதவியல்ல, ஆபத்து. மண்டபம் பேசும்போது சமையலறையைப் பார்ப்பது போல வாசற்படியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுக் கட்டடங்களில் இதையெல்லாம் எதிர்பார்க்கிறது.

அடுத்தது பந்தி. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மூலையில் தனி மேஜை போடுகிறோம். மாமா தரையில், மாமி மூலையில். அதே வரிசையின் தொடர்ச்சியாக மேஜையைப் போட்டு, அதே நேரத்தில் பரிமாறினால் செலவு ஒன்றும் கூடாது. உபன்யாசத்தின் சாரத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால், காது கேளாதவரும் கூடவே வருவார்.

நம் விமான் நகரிலேயே சிம்பயாசிஸ் டிசைன் கல்லூரி இருக்கிறது. டிசைன் படிக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கோலப் போட்டிக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாமல், இந்த வேலையையும் கொடுப்போம். ஆனால் ஒன்று. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். டாக்டர் சேத்தியும் மாஸ்டர்ஜியும் நோயாளி வீட்டில் எப்படி உட்காருகிறார் என்பதிலிருந்துதான் தொடங்கினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும், நம் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரை நேரில் போய்ப் பார்த்து, 'நீங்கள் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டு, பதிலைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதங்களை வரிசைப்படுத்தி ஒரு கோப்பாக்கித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அது எனக்குப் பழக்கமான வேலைதான்.