வாவிக்கரையில் இரு கமராக்கள்



பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவரும் திரட்டிய சிறு தொகையொன்று கையில் இருக்கிறது. அதனைக்கொண்டு ஒரேயொரு கமராவே வாங்கலாம். எதனை வாங்குவது? மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் ஓர் அரசாங்கப் பாடசாலையில் எழக்கூடிய இக்கேள்வியையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டேன். தொடக்கநிலைப் பயிற்சியாளருக்கென 2018ஆம் ஆண்டில் வெளிவந்த இரு கருவிகள் இத்தகைய பட்டியல்களில் அருகருகே இடம்பெறுவன. ஒன்று கெனன் நிறுவனத்தின் 1500டீ. மற்றது நிக்கோன் நிறுவனத்தின் டீ3500. இவ்விரண்டையும் நம்முடைய தேவைகளை முன்வைத்து ஒப்புநோக்குவோம்.

பாடசாலைக்குக் கமரா எதற்கு என்று கேட்போரும் உளர். பரிசளிப்பு விழாவிலே பிரதம அதிதிக்கு மாலை சூட்டுவதைப் படம்பிடிப்பதற்கே எனின், அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அதற்குக் கைத்தொலைபேசி போதும். ஆனால் நம் பிரதேசத்தின் கதை வேறு. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை நாவலடி, டச்பார், திருச்செந்தூர் முதலிய கரையோரக் குடியிருப்புகளில் உயிர்களை வாரியெடுத்ததோடு, உயிர்பிழைத்தோரிடம் இறந்தோரின் ஒரு படந்தானும் எஞ்சாதவாறு செய்தது. பேத்தியின் முகத்தைக் காட்ட ஒரு நிழற்படம் இல்லாத பாட்டிமார் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். இவற்றுக்கு மேலாக, அண்ணாவிமார் வீடுகளில் கூத்துக் கொப்பிகள் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபொழுது பிரதியெடுக்கப்படாத ஏடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். 2005 முதல் இணையவழியே தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணி அந்த இழப்பின் நினைவை உடையது. ஆகவே பாடசாலைக் கமரா செய்யவேண்டிய வேலைகள் மூன்று: கூத்தைப் படம்பிடித்தல், கொப்பிகளைப் பிரதியெடுத்தல், வாவியின் பறவைகளையும் தொழில்களையும் மாணவர் பதிவுசெய்தல்.

டீ.எஸ்.எல்.ஆர். எனப்படும் இக்கருவிகளின் அமைப்பை ஓரிரு வாக்கியங்களிற் கூறிவிடலாம். வில்லையினூடாக வரும் ஒளியை உள்ளேயுள்ள சரிவான ஆடி மேல்நோக்கித் திருப்பி, நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி எழுந்துகொள்ள, ஒளி பின்னாலுள்ள உணரியின்மீது விழுகிறது. வில்லையைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். கைத்தொலைபேசியின் உணரி நகத்தளவினும் சிறியது. இவற்றின் உணரியோ ஒரு பெரிய அஞ்சல் முத்திரையின் அளவினது.

இவ்விரு நிறுவனங்களும் இன்று போட்டியாளராக நின்றபோதிலும், தொடக்கத்தில் ஒன்றற்கொன்று துணைநின்றவை என்பது சுவையான செய்தி. 1917இல் தொடங்கிய நிப்பொன் கோகாக்கு என்ற ஒளியியற் கம்பனியே பிற்காலத்து நிக்கோன். 1930களில் தோன்றிய கெனன் தன் முதற் கமராவை விற்பனைக்கு விட்டபொழுது, அதற்கு வில்லை செய்துகொடுத்தது அந்த நிப்பொன் கோகாக்குத்தான். கெனனின் முதல் மாதிரிக்கு இட்ட பெயர் குவானன். அது கருணைத் தெய்வமாகிய போதிசத்துவரின் சப்பானியப் பெயர். வைகாசிச் சடங்கில் ஈடுபட்ட நம் செவிக்கு அது கண்ணகியை நினைவூட்டலாம். ஒலி ஒற்றுமையேயன்றித் தொடர்பு யாதுமில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். இரு கருவிகளும் 24 மெகாபிக்சல் அளவின. எனவே படத்தின் பருமனைக் கொண்டு ஒன்றை உயர்ந்ததென்று கூற முடியாது. கூத்துக் கொப்பியின் தாளொன்று ஏ4 அளவினது என்று கொள்வோம். அதனை நேர்மேலே நின்று சட்டம் நிறையப் படம்பிடித்தால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 480 புள்ளிகள் கிடைக்கும். மங்கிய பென்சிற் கோட்டையும் வாசிக்க அது போதும். இவ்வேலைக்குக் கருவியினும் முக்கியமானவை முக்காலியும், இருபுறமும் சாய்வாக விழும் வெளிச்சமும், கை படாமல் இயங்கும் தாமத விசையுமே. அந்த விசை இரண்டிலும் உண்டு. பிரதியெடுத்தலைப் பொறுத்தவரையில் தராசு எப்பக்கமும் சாயவில்லை.

கூத்துக்கு வரும்பொழுதுதான் வேறுபாடு தெரிகிறது. வட்டக்களரியில் நடுச்சாமத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். நான்கு மூலையிலும் சில விளக்குகள். நடுவே கரப்புடுப்போடு சுழன்றாடும் வடமோடி அரசன். அருகே மத்தளமும் சல்லாரியும். கண்ணுக்குப் போதுமான அந்த வெளிச்சம் கமராவுக்குப் போதாது. கருவியோடு சேர்த்து விற்கப்படும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான வில்லையை நீட்டிப் பிடித்தால், அதன் துவாரம் எஃப் 5.6 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அந்நிலையில் ஒரு படத்துக்குச் செக்கனில் 15இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுமானால், அதற்குள் ஆட்டக்காரர் கால்மாறிவிடுவார். படத்தில் ஒரு புகைப்படலமே எஞ்சும். பிளாஷ் விளக்கை எரித்தால் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து, களரியின் இருளழகும் அழிந்துபோம். ஆடுவோருக்கும் இடையூறு.

இதற்கு வழி இரண்டு. முதலாவது, ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனை உயர்த்துதல். அப்படி உயர்த்தும்பொழுது படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். கெனனில் இவ்வளவு 6400 வரையும் இயல்பாகச் செல்லும், நீட்டினால் 12800. நிக்கோனில் 25600 வரை செல்லும். உச்ச எண்ணை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆயினும் 3200, 6400 என்ற அளவுகளில் நிக்கோனின் படமே தெளிவானது. அதன் உணரி பரப்பளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பெரியது என்பது ஒரு காரணம். நிழற்பகுதியில் மறைந்த விவரத்தைப் பின்னர் கணினியில் மீட்டெடுக்க அது கூடுதலாக இடங்கொடுப்பது மற்றொன்று. அதிகாலையில் எழுவான்கரைப் பக்கம் வானம் சிவக்க, தோணியில் நின்று வலை வீசுபவர் கரிய உருவாகத் தெரியும் காட்சிக்கும் இது பொருந்தும். அவருடைய முகத்தின் சாயலைச் சிறிதேனும் மீட்க வேண்டுமாயின் நிக்கோனே உதவும்.

இரண்டாவது வழி வில்லையை மாற்றுதல். என் கருத்தில் இதுவே சிறந்தது. 50 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எஃப் 1.8 துவாரமும் கொண்ட சிறு வில்லையொன்றை இரு நிறுவனங்களும் செய்கின்றன. எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னர் 15இல் ஒரு பங்கு செக்கன் வேண்டியிருந்த இடத்தில் இப்பொழுது 150இல் ஒரு பங்கு போதும். ஆட்டக்காரரின் பாதம் நிலத்தைவிட்டு எழுந்த கணத்தையே நிறுத்திவிடலாம். இந்த வில்லை கெனனுக்கு மலிவாகக் கிடைக்கிறது. நிக்கோனுக்கு விலை கூட. ஒரு நல்ல வில்லையை மாட்டிய கெனன், கூடவந்த வில்லையோடு நிற்கும் நிக்கோனைக் கூத்துக்களரியில் எளிதில் வென்றுவிடும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுசென்ற காலத்துப் படங்களையும் இன்று ஊர்க்களரிகளில் எடுக்கத்தக்க படங்களையும் ஒருங்கே வைத்துப் பயிலும் வாய்ப்பு, இவ்வாறான சிறு வில்லைகளால் மாணவருக்குக் கிட்டும்.

பழைய வில்லை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. நிக்கோனின் வில்லைப் பொருத்து 1959இல் ஏற்பட்டது, கெனனின் இ.எஃப். பொருத்து 1987இல் ஏற்பட்டது. பழமை மிக்கது என்பதால் நிக்கோனுக்குப் பழைய வில்லைகள் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் டீ3500இன் உடலுக்குள் குவியத்தைத் திருத்தும் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய வில்லையை மாட்டினால் கையாலேயே திருப்பவேண்டும். அது தெரியாமல் மலிவென்று வாங்கிவந்து, கருவி பழுதென்று கடைக்காரரோடு வழக்காடுவதில் பயனில்லை. நிக்கோனின் 70 முதல் 300 வரையான வில்லையிலும் நடுக்கந் தணிப்பது ஒருவகை, தணிக்காதது இன்னொருவகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பெயரில் வீ.ஆர். என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. கெனனில் 1987க்குப் பிந்திய இ.எஃப். வில்லை எதுவாயினும் குவியந் தானே திருந்தும்.

பறவைகளைப்பற்றிச் சுருங்கச் சொல்லலாம். கண்டற்காட்டோரம் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தையும், அசையாமல் நிற்கும் கொக்கையும், கூழைக்கடாவையும் இரண்டுமே நன்றாகப் பிடிக்கும். பாய்ந்து விழும் மீன்கொத்தியை இரண்டுமே தவறவிடும். நிக்கோன் செக்கனுக்கு 5 படம் எடுக்கும், கெனன் 3. குவியப் புள்ளிகள் முறையே 11, 9. இரண்டிலும் நடுப்புள்ளி ஒன்றே நம்பத்தக்கது. பாடும் மீனைப் படம்பிடிக்க எக்கமராவாலும் ஆகாது, அது காதுக்குரியது. ஒலி என்றதும் நினைவுக்கு வருகிறது: இரண்டிலும் வீடியோ எடுக்கலாம், ஆனால் வெளி ஒலிவாங்கியை இணைக்கும் துளை இரண்டிலும் இல்லை. அண்ணாவியாரின் பாடலைப் பதிவுசெய்யத் தனியான ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொள்ளவேண்டும்.

பற்றரியில் நிக்கோன் வெகுதூரம் முன்னிற்கிறது. ஒருமுறை மின்னேற்றினால், நியமக் கணக்கின்படி 1550 படம்; கெனனுக்கு 500. படுவான்கரையில் விடியவிடிய நடக்கும் அரங்கேற்றத்துக்குச் செல்பவரும், 2022இல் நாள்தோறும் மணிக்கணக்காக மின்சாரம் தடைப்பட்டதை அனுபவித்தவரும் இவ்வேறுபாட்டின் அருமையை உணர்வர். கெனனை வாங்குவோர் இரண்டாவது பற்றரியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். நிறையிலும் நிக்கோன் 60 கிராம் இலகுவானது. அதன் திரையில் வழிகாட்டி என்றொரு பகுதி உண்டு. ஓடும் பொருளை எடுக்கவா, அந்திப்பொழுதை எடுக்கவா என்று அதுவே கேட்டுக் கேட்டுக் கற்பிக்கும். பத்தாந் தர மாணவனுக்கு அது நல்ல ஆசிரியர். மறுபுறம், கெனனில் வைஃபை வசதி இருப்பதால் படத்தை முழு அளவில் கைத்தொலைபேசிக்கு மாற்றலாம். நிக்கோனில் புளூடூத் மட்டுமே. தானாகச் செல்வன சிறிய படங்கள்.

இதுவரை கேட்ட நேயர்கள் நிக்கோனே மேல் என்று முடிவுகட்டியிருப்பர். கருவியை மட்டும் எடைபோட்டால் நானும் அவ்வாறே கூறுவேன். ஆனால் டீ3500இன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று அது பெரும்பாலும் பயன்படுத்திய பொருளாகவே கைமாறுகிறது. கெனன் 1500டீயோ பல நாடுகளில் அண்மைக்காலம்வரை புதிதாக விற்கப்பட்டுவந்தது. தனியொருவர் கொழும்பிலோ மட்டுநகரிலோ தெரிந்தவரிடம் பயன்படுத்திய நிக்கோனைப் பரிசோதித்து வாங்கலாம். அரசாங்கப் பாடசாலை அப்படிச் செய்ய இயலாது. விலைமனுக்கள் பெறவேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும், உத்தரவாதப் பத்திரம் வேண்டும், பொருட் பதிவேட்டில் பதியவேண்டும், கணக்காய்வாளர் கேட்டால் விடைசொல்லவேண்டும். சிறந்த கருவி சட்டத்துக்குள் அடங்கவில்லை. அடங்கும் கருவியோ சற்றே குறைந்தது. ஆடியில்லாக் கமராக்கள் வந்துவிட்டனவே என்று சிலர் கூறுவர். 2018 முதல் இரு நிறுவனங்களும் தம் கவனத்தை அவற்றின்பாலே திருப்பியுள்ளன என்பது மெய். ஆனால் அவற்றுக்குரிய வில்லைகளோடு சேர்த்துப் பார்த்தால் விலை நம் சங்கங்களின் கைக்கு எட்டுவதில்லை.

ஆதலின் என் தீர்ப்பு இரண்டாகிறது. தன் பணத்தில் வாங்கும் ஆசிரியரோ இளைஞரோ, நல்ல நிலையிலுள்ள டீ3500 கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அதன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதைமட்டும் விசாரித்துக்கொள்ளட்டும். பாடசாலையாயின் கெனன் 1500டீயைப் புதிதாகப் பெற்று, மிச்சப் பணத்தை 50 மில்லிமீற்றர் வில்லைக்கும், இன்னொரு பற்றரிக்கும், திடமான முக்காலிக்கும் செலவிடுவதே தக்கது. மிச்சப் பணம் இல்லையெனின் முக்காலியைப் பின்போடலாம், வில்லையைப் பின்போடலாகாது.

வாங்கிய பின்னர் வருவது காற்றும் மழையும். நம் கரையில் உப்புக்காற்று ஓயாது. மார்கழி மாரியில் சுவரே வியர்க்கும். இரு கருவிகளுக்கும் நீர் புகாக் காப்பு இல்லை. உணரியில் ஒட்டிய தூசியைத் தானே உதறும் பொறியும் இல்லை. தோணியில் இருந்தபடி வில்லை மாற்றவேண்டாம். அலுமாரியில் தோற்பையோடு பூட்டிவைத்தால், ஒரு மாரிக்குள் வில்லையின் உட்புறம் பூஞ்சணம் சிலந்திவலை போலப் படரும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்திக்கொள்ளுதல் நன்று. அரிசிக்குள் புதைத்துவைக்கும் வழக்கம் வேண்டாம். அரிசித்தூள் ஈரத்தைவிடப் பொல்லாதது.

எடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் ஆட்டக்காரர் பெயர், ஊர், கூத்தின் பெயர், திகதி ஆகியவற்றை ஒரு பயிற்சிக் கொப்பியிலாவது மாணவர் அன்றன்றே எழுதிவைக்கவேண்டும். படங்களை இரு வன்தட்டுகளிற் பிரதிசெய்து, இரண்டையும் ஒரே கட்டடத்தில் வையாது விடுக. எழுவான்கரைப் பாடசாலையின் இரண்டாம் பிரதி படுவான்கரைப் பாடசாலையொன்றில் இருக்கட்டும். அவர்களுடையது இங்கே இருக்கட்டும்.