தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க!

சர்க்கரை நோயாளியின் கால் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை என்றால், சிலருக்கு டாக்டர் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையை யோசிப்பார். ஒரு கூண்டுக்குள் படுக்கவைத்து, காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 2, 2.5 மடங்கு கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். பல வாரம் போகவேண்டி வரும்.

"புண் காலில்தானே, தலைக்கு எண்ணெய் வைத்தால் என்ன?" என்பீர்கள். ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் சின்னப் பொறி போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால் எண்ணெய், சென்ட், செல்போன், லைட்டர் எதுவும் கூடாது. உடுப்பும் பருத்திதான்.

அழுத்தம் ஏறும்போது, ஊட்டியிலிருந்து பஸ் இறங்குகிற மாதிரி காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். சளி பிடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; சர்க்கரை இறங்கிவிடலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் தூரப்பார்வை மங்கலாம். அவசரப்பட்டு கண்ணாடியை மாற்ற வேண்டாம்.

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. ஆகவே பழைய நோய், சாப்பிடும் மாத்திரை எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பீடி, சிகரெட்டை இன்றே விட்டுவிடுங்கள்.